ஃபோர்ஜ்டு பிஸ்டன் இருந்தாலும் ட்யூனிங் வேண்டும்

"ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டாச்சுன்னா ட்யூனிங் தேவையில்லை, பூஸ்ட்டை இஷ்டத்துக்கு ஏத்தலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (ஃபோர்ஜ்டு என்றால் உலோகத்தை அழுத்தி உருவாக்கியது. ட்யூனிங் என்றால் எஞ்சின் கம்ப்யூட்டரில் எரிபொருள், தீப்பொறி அளவுகளைச் சரிசெய்வது. பூஸ்ட் என்றால் டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்.) சுபாரு எஸ்டிஐ கார் வைத்திருப்பவர்கள் யாரும் இதை நம்பிச் செலவு செய்துவிட வேண்டாம்.

பல எஸ்டிஐ கார்களில் உள்ள இஜே257 எஞ்சினில் கம்பெனி பிஸ்டன் வார்ப்பு வகை, அதாவது உருக்கி அச்சில் ஊற்றியது. ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு உடைவது உண்மைதான். ஆனால் அதை உடைப்பது பெரும்பாலும் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் அந்த அடியைக் கூடுதல் நேரம் தாங்கும், அவ்வளவுதான். நாக்கிங் தொடர்ந்தால் அடுத்து பேரிங்கோ ஹெட் கேஸ்கெட்டோ போகும்.

அப்புறம், ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள் பெரும்பாலும் 2618, 4032 என்ற இரண்டு அலுமினிய அலாய்களில் வரும். 2618 அலாயில் சிலிக்கான் மிகக் குறைவு. சூட்டில் நன்றாக விரியும். அதனால் சிலிண்டர் சுவரோடு இடைவெளி கூடுதலாக விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் டக்டக் சத்தம் அதனால்தான், பயப்பட வேண்டாம். 4032 அலாயில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம், விரிவு குறைவு. தினமும் ஓட்டும் காருக்குப் பல நேரம் அதுவே போதும். ரிங் முனைகளின் இடைவெளியையும் பூஸ்ட்டுக்கு ஏற்பக் கூட்ட வேண்டும். சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டால் எந்தப் பிஸ்டனும் தப்பாது.

பட்ஜெட் குறைவா? முதலில் நல்ல ட்யூன், ஃபியூல் பம்ப், இன்ஜெக்டர். பிஸ்டனைப் பிறகு பார்க்கலாம்.