அழுகலும் வளர்ச்சிதான்

மாயக்கதைகளில் வரும் வளர்ச்சி மந்திரத்தின்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அந்தச் சக்தி வாய்த்தவர் கையை நீட்டினால் விதை மரமாகிவிடும், கொடிகள் எழுந்து எதிரியின் காலைச் சுற்றும், பஞ்சத்தில் வாடும் ஊருக்கு ஒரே இரவில் கதிர் முற்றும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வயல் மறுநாள் என்ன ஆயிற்று என்பதை மட்டும் நான் படித்த கதைகளில் பெரும்பாலானவை சொல்வதில்லை. பல போகங்களின் சத்தை ஓர் இரவில் உறிஞ்சிக் கொடுத்த மண் அது. அடுத்த மந்திரத்துக்கு அதனிடம் என்ன மிச்சம் இருக்கும்?

அந்தச் சக்தியைப் பயிரில் செலவழிப்பது வீண் என்பேன். அதை மட்க வைப்பதில் செலவழிக்க வேண்டும்.

வளர்ச்சிக்கு எதிர்ப்பதம் அழுகல் என்றே நாம் பழகிவிட்டோம். கதைகளிலும் அழுகல் தீய மந்திரவாதியின் பங்காகப் போய்விடுகிறது. இதில் எனக்குக் கோபமே வரும். விழுந்து கிடக்கும் மரத்துக்கு அது சாவு என்றால், அதைத் தின்று பெருகும் பூஞ்சைக்கு அதுவே விருந்து. மரம் மட்குகிறது என்றால் அதற்குள் கோடிக்கணக்கான உயிர்கள் வளர்கின்றன என்று பொருள். வளர்ச்சி மந்திரத்தை அவற்றின்மேல் செலுத்த யார் தடை சொன்னது?

எனக்கு இந்த எண்ணம் வந்ததே என் மக்குக் குவியலைக் கிளறும்போதுதான். ஒரு விடியற்காலையில் மண்வெட்டியைப் போட்டதும் ஆவி எழுந்தது. நடுவே விட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. ஓரத்திலிருந்து ஓர் இலையை எடுத்துப் பார்த்தேன். சதை முழுவதும் போய் நரம்புகள் மட்டும் சல்லடைபோல எஞ்சியிருந்தன. அந்தக் கண்களுக்குக் குறுக்கே நூலாம்படையைவிட மெல்லிய வெள்ளை இழைகள் ஓடின. முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வந்தது.

அந்தச் சூட்டைக் கதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். நன்றாக மட்கும் குவியல் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும். 70-ஐத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். மந்திரத்தால் வேகத்தை நூறு மடங்காக்கினால் வெப்பமும் அதே வேகத்தில் பிறக்கும். குவியல் தன்னைத் தானே வேகவைத்துக்கொள்ளும். ஆகவே நம் மந்திரவாதி மெல்லிய படலமாகப் பரப்பத் தெரிந்தவராக இருக்க வேண்டும். காற்றும் வேண்டும், ஏனென்றால் இந்த உயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. மூடிய குகைக்குள் ஒருவர் இந்த மந்திரத்தைப் போட்டால் முதலில் தீப்பந்தம் மங்கும், பிறகு அவருக்கே மூச்சு முட்டும். காற்று போதாத குவியலோ புளித்து நாறும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் என்ற கணக்கில் இருந்தால் குவியல் சீராக மட்கும். மரத்தூளில் அந்தக் கார்பன் நூற்றுக்கணக்கான பங்கு இருக்கும். வெறும் மரத்தை வைத்துக்கொண்டு பூஞ்சையை முடுக்கிவிட்டால், அது பற்றாக்குறையைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். மந்திரவாதி விழுந்த காட்டை மட்கவைக்க, பக்கத்து வயல்கள் ஒரே நாளில் மஞ்சளித்துப்போகும். ஒரு கதைக்கு இதைவிட நல்ல சிக்கல் வேறு என்ன வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. சில பாக்டீரியாக்கள் வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக்கூடியவை. அவற்றுக்கு மந்திரம் எதற்கு? இயற்கையிலேயே மெதுவாக நடப்பவற்றைத் தேடித்தான் அதைச் செலுத்த வேண்டும். மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினைச் சிதைக்கும் வெண்பூஞ்சைகள், காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாக்களை வேர்முடிச்சில் வைத்திருக்கும் பயறுவகைச் செடிகள், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்களாய்ப் பாறைமேல் படர்ந்து அமிலத்தால் அதை அரிக்கும் லைக்கன்கள். மக்கு மட்டுமே மண் ஆகிவிடாது. பொடிந்த பாறையும் அதில் கலக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் மேல்மண்ணுக்கு இயற்கை பல நூறு ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்வது இதனால்தான்.

வெறும் பாறையில் மண் பிறப்பதை நம் காலத்திலேயே பார்க்க முடிந்திருக்கிறது. 1963 நவம்பரில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலடி எரிமலை வெடித்து சர்ட்சி என்ற தீவு எழுந்தது. 1965-லேயே அங்கே பூக்கும் செடி ஒன்று முளைத்துவிட்டது. ஆனாலும் ஆண்டுகள் பல போயும் பச்சை பரவவில்லை. 1980-களில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து கூடு கட்டி, அவற்றின் எச்சம் விழுந்த பிறகுதான் அந்த இடத்தைச் சுற்றிச் செடிகள் அடர்ந்தன. விதைக்கு அங்கே பஞ்சமே இல்லை, சத்துக்குத்தான் பஞ்சம். மந்திரம் காலத்தைச் சுருக்கலாம். இல்லாத மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எங்கிருந்து கொண்டுவரும்? அதைப் பாறையிலிருந்தோ பறவையிடமிருந்தோ எலும்பிலிருந்தோ பெற்றாக வேண்டும் என்று எழுதினால் கதைக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையில் ஒரு கிழவி இருக்கிறாள். போரில் எரிந்த மலைச்சரிவு அவளுக்குக் கிடைக்கிறது. மரம் வளர்க்கச் சொல்லி ஊரே கெஞ்சுகிறது. அவள் முதலில் பாறையில் லைக்கனைப் படரவிடுகிறாள். அடுத்து இடுக்குகளில் பயறுச்செடிகளை வளர்த்து, பூக்கும் முன்பே மடக்கிக் கருகிய மரங்களோடு பரப்புகிறாள். மண்புழுக்களைக் கடைசியில்தான் அழைக்கிறாள். சார்லஸ் டார்வின் 1842-இல் ஒரு வயலில் சுண்ணக்கட்டிகளைப் பரப்பிவைத்து, 29 ஆண்டுகள் கழித்துத் தோண்டிப் பார்த்தார். புழுக்கள் மேலே தள்ளிய மண்ணுக்கடியில் அவை 7 அங்குலம் புதைந்திருந்தன. இதைப் படித்த அன்றே என் கடைசிக் காட்சி முடிவாகிவிட்டது. காலையில் அந்தக் கிழவி சரிவெங்கும் வெள்ளைக் கற்களை வைக்கிறாள். ஊர்மக்கள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பொழுது சாயும்போது ஒரு சிறுமி, கற்களைக் காணோம் என்கிறாள்.