பங்கு கேட்டால் பகையா?

எங்கள் பக்கம் ஒரு பங்காளி பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டால் போதும், அடுத்த முகூர்த்தத்தில் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று பேச்சு கிளம்பிவிடும். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. செட்டிநாட்டில் வழக்கால் போன வீடுகளைவிட, "கோர்ட்டுக்குப் போனால் அசிங்கம்" என்று பூட்டிப்போட்டே இடிந்த வீடுகள்தான் அதிகம் என்பேன்.

ஐயா (தாத்தா) கட்டிய வீட்டில் இன்று எத்தனை புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பம்? ஒருவர் சென்னை, ஒருவர் மலேசியா, ஒருவர் அமெரிக்கா. இரட்டை வீடு என்னும் அறை ஆளுக்கொன்று, முகப்பும் வளவும் (நடு முற்றம்) பொது. பொது இடத்தில் ஓடு ஒழுகினால் யார் செலவு செய்வது? முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குக் கூடும்போது பேசலாம் என்பார்கள். படைப்பு முடிந்ததும் கார் ஏறிவிடுவார்கள்.

சம்மனில் "14-வது பிரதிவாதி" என்று தன் பெயரைப் பார்த்ததும் சிலருக்குப் போலீஸ் கேஸ் வந்ததுபோல் படபடப்பு. பங்குள்ள எல்லாரையும் சேர்க்காவிட்டால் அந்த வழக்கே நிற்காது. அதனால்தான் உங்கள் பெயரும் வந்திருக்கிறது. இந்த வகை வழக்கில் பிரதிவாதியும் கட்டணம் கட்டித் தன் பங்கைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். சம்மனை அலமாரியில் போட்டுவைப்பதுதான் ஆபத்து. எதிருரை (நம் பதில்) தாக்கல் செய்ய 30 நாள், நீதிமன்றம் மனது வைத்தால் 90 நாள் வரை. ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு.

முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்றுதான் சொல்லும். நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை ஆனால்தான் எந்த அறை யாருக்கு என்பது முடிவாகும். பாதியிலேயே "ஜெயித்துவிட்டோம்" என்று உட்கார்ந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஒரு புள்ளி தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால்? எல்லாருக்கும் இருக்கிற பெரிய பயம் இது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், நேராக வந்து நம்மோடு கூட்டாகக் குடியேற உரிமை கிடையாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவர் பிரித்துத் தரச் சொல்லி வழக்குதான் போட வேண்டும். போட்டால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நாமே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவு. (நம் ஊர் வீடுகளில் பல அந்தச் சட்டத்துக்கு அப்புறம் கட்டியவை!) மற்றவர்களுக்குச் சொல்லாமல் யாராவது பர்மாத் தேக்குத் தூணைக் கழற்றப் பார்த்தால் இடைக்காலத் தடை கேட்கலாம். ஆனால் இதெல்லாம் உரிய நேரத்தில் போய்க் கேட்டால்தான். தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எந்த வக்கீல் என்ன செய்வார்?

அதற்காகக் கடைசிவரை மல்லுக்கட்டச் சொல்லவில்லை. வழக்கைப் போட்டுவிட்டு லோக் அதாலத்தில் (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம்) பேசி முடிப்பதுதான் என் கட்சி. வளவில் பேசிய வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறைக்கு நிற்காது. லோக் அதாலத்தில் முடித்தது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

நம் வீட்டுப் பெண்களான ஆச்சிமாருக்கு ஒன்று. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது 2005 திருத்தம். திருத்தம் வந்த அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுசெய்து பிரித்ததைக் கிளற முடியாது. ஆகவே "சும்மா ஒரு கையெழுத்துதான் ஆச்சி" என்று அண்ணன் தம்பி, உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், முதலில் வாங்கிப் படியுங்கள். வெளி வக்கீல் ஒருவரிடமும் காட்டுங்கள். அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.