முதல் பத்து ஆட்டத்தில் கோலை எண்ணாதீர்கள்

கீழ் லீக் அணியான மார்லீஸில் இருந்து ஒரு பெடியனை ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணி மேலே கூப்பிட்டுவிட்டது என்று செய்தி வந்தால், அன்று இரவே எங்கட ரசிகர் குழுக்களில் அவனுக்கு இருபது கோல் எழுதியாகிவிடும். ஆறு ஆட்டம் கோல் இல்லாமல் போனால் அதே ஆக்கள் "இவன் சரிவரமாட்டான், விலை இருக்கும்போதே மாத்துங்கோ" என்று தொடங்குவார்கள். இரண்டும் பிழை. பார்க்கக் கூடாத எண்ணைப் பார்ப்பதால் வருகிற பிழை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலே வருகிறவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நான்காவது வரிசை, அதாவது ஆகக் குறைந்த நேரம் இறங்குகிற முன்கள மூவரில் ஒரு இடம். ஒரு ஆட்டத்தில் ஒன்பது நிமிடம் என்று வையுங்கள். ஒரு தடவை இறங்கி நிற்கிற ஷிஃப்ட் 45 வினாடி என்றால் மொத்தம் பன்னிரண்டு தடவைதான் ஐஸில் இறங்குகிறான். எதிரணி ஒரு ஆள் குறைவாக நிற்கிற பவர் பிளேயில் இடம் இல்லை. இந்த நேரத்துக்குள் ஆட்டத்துக்கு ஒரு ஷொட் கோலை நோக்கிப் போனாலே பரவாயில்லை. லீஃப்ஸ் ஆடுகிற என்.எச்.எல். லீக்கில் அப்படிப் போகிற ஷொட்டில் பத்துக்கு ஒன்று மட்டில்தான் கோலாகிறது. ஆகப் பத்து ஆட்டம், பத்து ஷொட், ஒரு கோல். அவ்வளவுதான் நியாயமாக எதிர்பார்க்கலாம்.

அந்த ஒன்றும் வராமல் போகிற வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு ஷொட்டும் பத்துக்கு ஒன்பது தடவை தடுக்கப்படும் என்றால், பத்தும் தடுக்கப்பட 35 வீத வாய்ப்பு இருக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ அடிக்க 26 வீதம். பெடியனும் அவன்தான், ஆட்டமும் அதேதான். ஆனால் மூன்றுக்கு ஒரு தடவை அவனை "ஒன்றுக்கும் உதவாதவன்" என்போம், நாலுக்கு ஒரு தடவை "அடுத்த மத்தியூஸ்" என்போம்.

லீஃப்ஸுக்குக் கோல் குவித்த ஓஸ்ரன் மத்தியூஸின் கதையையே எடுங்கள். 2016 ஒக்டோபர் 12, ஒட்டாவாவில் முதல் ஆட்டத்திலேயே நாலு கோல். எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கிறது. லீஃப்ஸ் அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் 5-4 என்று தோற்றது பலருக்கு ஞாபகம் இல்லை. ஒட்டாவாவின் கைல் ரரிஸ் அடித்த அந்த வெற்றிக் கோல் தன்னுடைய பிழையால் வந்தது என்று ஆட்டம் முடிந்ததும் மத்தியூஸே சொன்னார். நாலு கோல் அடித்த இரவிலும் அவர் கதைத்தது தான் விட்ட ஆளைப் பற்றி. பயிற்றுநர்கள் ஒரு புதுமுகத்தில் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஓரத்தில் ஆடுகிற முன்கள வீரனான விங்கர் என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது கரைப் பலகையை. எங்கட கோலுக்குப் பின்னால் டிஃபென்ஸ்மன் (பின்கள வீரர்) பக்கை (ஐஸில் வழுக்குகிற அந்த வட்டத் தட்டை) எடுத்து, வேறு வழியில்லாமல் பலகையோடு சுற்றி அடிக்கிறார். அது மூலை வளைவைச் சுற்றிக்கொண்டு, ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கப் பக்கைப் போடுகிற ஃபேஸ்-ஓஃப் வட்டத்துக்கு நேரே பலகையோரம் நிற்கிற எங்கட விங்கரிடம் வருகிறது. அதே நேரம் எதிரணி டிஃபென்ஸ்மன் எங்கட பக்கத்தின் எல்லையான நீலக்கோட்டை விட்டு அவனை நோக்கி இறங்குகிறார். தொண்ணூறு கிலோ ஆள், முழு வேகம். இளைஞர் லீக்கான ஜூனியரில் அந்த ஆள் வந்து சேர முதல் பக்கை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, ஆளைத் தேட நேரம் இருக்கும். இங்கே பக்கும் ஆளும் ஒன்றாக வந்து சேரும்.

அந்த இடத்தில் அவனுக்கு மூன்று சரியான வழி உண்டு. பக்கைக் கண்ணாடியில் உயர்த்தி அடித்து நீலக்கோட்டுக்கு வெளியே அனுப்பலாம். உள்ளே ஓடிவருகிற நடு முன்கள வீரனான சென்ரருக்கு ஒரு தட்டுத் தட்டலாம். இரண்டும் இல்லையென்றால் முதுகைப் பலகையில் கொடுத்து, இடியை வாங்கிக்கொண்டு, பக்கைக் காலுக்குள் பூட்டி வைத்திருக்கலாம். பிழையான வழி ஒன்று: பார்க்காமல், பின்கையால் நடுவுக்குத் தள்ளுவது. அது எதிரணியின் மட்டையில் விழுந்தால் கோலுக்கு நேரே இருபது அடியில் தனி ஆள். ரிவியில் அந்தக் கோலைத் திருப்பிக் காட்டும்போது டிஃபென்ஸ்மன்தான் படத்தில் நிற்பார். பிழை அதற்கு நாலு வினாடி முன்னால் பலகையோரம் நடந்திருக்கும்.

ஒரு சின்ன விசயத்தைக் கவனியுங்கள். பக் தன்னிடம் வந்து சேர முதல் அவன் தோளுக்கு மேலால் ஒருக்கால் திரும்பிப் பார்க்கிறானா? பார்க்கிறவனுக்கு மூன்று வழியும் முன்கூட்டியே தெரியும். பார்க்காதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இடி விழுந்த பிறகுதான் யோசிப்பான். ஐந்தாவது ஆட்டத்தில் அந்தத் திரும்பல் வந்துவிட்டது என்றால், கோல் இல்லாவிட்டாலும் அவன் நிற்பான் என்று நான் துணிந்து சொல்வேன்.

அடுத்தது எதிரணியின் நீலக்கோடு. ஜூனியரில் வருடம் ஐம்பது கோல் அடித்தவனுக்கு அந்தக் கோட்டில் ஒரு ஆளை வெட்டிக்கொண்டு உள்ளே போவது பழக்கம். இங்கே அதே வெட்டு பிடிபட்டால், கூட ஓடிவந்த இரண்டு பேரும் முன்னால் நிற்பார்கள், பக் பின்னால் போய்விடும். மூன்றுக்கு இரண்டாக எதிரணி எங்கட கோலுக்கு வரும். கூட ஆடுகிறவர்கள் ஆளை மாற்ற வாங்குக்குத் திரும்புகிற நேரத்தில் இதைச் செய்தால் இன்னும் மோசம். அந்த நேரத்தில் பக்கை மூலைக்கு ஆழமாக அடித்துவிட்டு மாறுவதுதான் வேலை. பார்க்க வடிவில்லை. ஆனால் அந்த அலுப்பான முடிவை எடுக்கத் தெரிந்தவனை எந்தப் பயிற்றுநரும் கீழே அனுப்ப விரும்பமாட்டார்.

ஷிஃப்ட் நீளமும் அப்படித்தான். ஜூனியர் அணியின் நட்சத்திரம் ஒரு நிமிடம் பத்து வினாடி நின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே 45 வினாடி தாண்டினால் கால் கனக்கத் தொடங்கும், ஒரு நிமிடம் தாண்டினால் ஆள் பார்வையாளன். இரண்டாவது பீரியட்டில் இது இன்னும் ஆபத்து. அணிகள் பக்கம் மாறுவதால், அந்த இருபது நிமிடமும் எங்கட கோல் எங்கட வாங்கில் இருந்து தூரத்தில் இருக்கும். களைத்தவன் மாறுவதற்கு நடுக்கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். எங்கட பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டால் ஓடவும் வழியில்லை. பக்கை எறிந்துவிட்டு மூச்சு விடலாம் என்று நினைத்தால், நடுச் சிவப்புக்கோட்டுக்கு முன்னால் இருந்து அடித்த பக் எதிரணியின் கோல் கோட்டையும் தாண்டிப் போய் ஐஸிங் என்ற விதிமீறல் ஆகிவிடும். ஐஸிங் செய்த அணி ஆள் மாற்ற முடியாது, எதிரணி மாற்றலாம். ஒரு நிமிடம் ஓடிக் களைத்த பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு முன்னால் எதிரணியின் முதல் வரிசை புதுக்காலோடு வந்து நிற்கும். பல புதுமுகங்கள் ஐஸில் நிற்கும்போது அணி கோல் வாங்குவதால் அவர்கள் பெயரில் விழுகிற மைனஸ் இங்கேதான் பிறக்கிறது.

வீட்டு ஆட்டத்தையும் வெளி ஆட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள். ஆட்டம் நின்று தொடங்கும்போது கடைசியாக ஆள் மாற்றும் உரிமை வீட்டு அணிக்கு. அதனால் ரொறன்ரோவில் எங்கட பயிற்றுநர் பெடியனை எதிரணியின் முதல் வரிசைக்கு எட்டாமல் ஒளித்து வைக்கலாம். வெளியூரில் எதிரணிப் பயிற்றுநர் அவனைத் தேடிப் பிடிப்பார். வெளியூரிலும் அவனுடைய நிமிடங்கள் குறையவில்லை என்றால் அது பெரிய நம்பிக்கை.

இனி, கீழே அனுப்புவது பற்றி. இதில்தான் எங்கட ஆக்கள் அதிகம் கோபப்படுகிறார்கள். இளம் வீரனுக்கு முதல் சில வருடங்கள் வெய்வர்ஸ் என்ற தடை இல்லை. அவனை எந்த நேரமும் இறக்கலாம், ஏற்றலாம். முப்பது வயது நான்காம் வரிசை ஆளை இறக்க வேண்டுமென்றால் மற்ற 31 அணிகளும் அவரை இலவசமாகத் தூக்கிக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 23 பேர் பட்டியலில் ஒரு இடம் தேவைப்பட்டாலோ, சம்பள எல்லைக்குள் ஒரு நாள் கணக்குச் சரிசெய்ய வேண்டியிருந்தாலோ, பெடியன்தான் போவான். அவன் ஆடியதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. ஸ்கோஷியாபாங்க் அரீனாவுக்கும் மார்லீஸ் ஆடுகிற கொலிசியத்துக்கும் சில கிலோமீற்றர்தான், அதனால் ரொறன்ரோவுக்கு இது இன்னும் லேசு. பெடியனுக்கு லேசில்லை. 2025-26 இல் மேலே குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 775,000 அமெரிக்க டொலர், அதுவும் நாள் கணக்கில்; கீழே இறங்கினால் அன்றே அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுக்குப் போய்விடும்.

ஆனாலும் ஒரு விசயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். இருபது வயதுக்காரன் மேலே ஏழு நிமிடம் ஆடுவதை விட, அல்லது மேல்மாடத்தில் சாதாரண உடுப்போடு உட்கார்ந்து பார்ப்பதை விட, மார்லீஸில் பதினெட்டு நிமிடம் ஆடுவது நல்லது. அங்கே 72 ஆட்டம். பவர் பிளே அவனுக்கு, ஒரு ஆள் குறைவாக நிற்கிற நேரம் அவனுக்கு, ஒரு கோல் முன்னணியில் கடைசி நிமிடமும் அவனுக்கு. நான்காவது வரிசையில் இவை எதுவும் கிடைக்காது. பக்கைத் தொடாமல் பக்கோடு ஆடப் பழக முடியாது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் கனேடிய ஜூனியரில் இருந்து வருகிறவனுக்குத்தான் சிக்கல். பல வருடங்களாக இருந்த விதிப்படி, மார்லீஸ் ஆடுகிற ஏ.எச்.எல். லீக்குக்கு அவன் போக முடியாமல் இருந்தது. மேலே இருக்க வேண்டும், அல்லது ஜூனியருக்குத் திரும்ப வேண்டும் என்றிருந்தது. பத்தாவது ஆட்டம் ஆடினால் மூன்று வருட ஒப்பந்தத்தில் ஒரு வருடம் ஓடத் தொடங்கிவிடும். ஒன்பதாவது ஆட்டத்தோடு பல பெடியன்கள் திருப்பி அனுப்பப்படுவதன் இரகசியம் அதுதான்.

பொறுமைக்கு ஆதாரம் கேட்டால் நிறைய இருக்கிறது. ஜோ தோர்ன்ரன், அணிகள் இளம் வீரர்களைப் பங்குபோடும் வருடாந்தத் தெரிவில், 1997 இல் முதலாவது ஆள். முதல் பருவத்தில் 55 ஆட்டம், 7 புள்ளி (கோலும், அசிஸ்ட் எனப்படும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து). 2005-06 இல் 125 புள்ளி எடுத்து லீக்கின் சிறந்த வீரர். ஜாக் ஹியூஸ் 2019 இல் முதலாவது. முதல் பருவம் 61 ஆட்டத்தில் 21 புள்ளி, 2022-23 இல் 99. மொன்றியலின் ஸ்லாஃப்கொவ்ஸ்கி 2022 இல் முதலாவது. காயத்தோடு முடிந்த முதல் பருவத்தில் 39 ஆட்டம், 10 புள்ளி. அந்த நேரம் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றை இன்று வாசித்தால் கவலையாக இருக்கும். அடுத்த பருவம் சுசூக்கி, கோஃபீல்டோடு முதல் வரிசையில் போட்டார்கள். 20 கோல், 50 புள்ளி. வயதும் ஒரு வருடம் கூடியது உண்மை. ஆனால் யாரோடு ஆடினார் என்பதை விட்டுவிட்டு அந்த இரண்டு பருவத்தையும் ஒப்பிட முடியாது.

மறுபக்கமும் உண்டு. மத்தியூ நைஸ், லீஃப்ஸ் 2021 தெரிவில் 57ஆவதாக எடுத்த ஆள். 2023 ஏப்ரலில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்து நேரே வந்து, மூன்றே ஆட்டம் ஆடிவிட்டு பிளேஓஃபில் இறங்கினார், தாங்கினார். காரணம் கோல் அல்ல. பலகையோரம் பக்கை விடாத உடம்பு, கோலுக்குப் பின்னால் ஆளைச் சுமந்துகொண்டு நிற்கிற கால். முதல் நாளிலேயே ஒரு வேலைக்குப் பொருந்தினார். 2024-25 இல் அடித்த 29 கோல் அதற்கு மேல் கட்டப்பட்டது.

நிக் றொபேட்சனை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்காது. பீற்றர்பரோ ஜூனியர் அணியில் 2019-20 இல் 46 ஆட்டத்தில் 55 கோல். 2020 ஓகஸ்டில், பதினெட்டு வயதில், கொலம்பஸுக்கு எதிராக ஆள் இல்லா அரங்கில் லீஃப்ஸுக்கு இறக்கினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் கோலும் அடித்தார். அன்றே இந்த நகரம் அவருக்கு முப்பது கோல் எழுதிவிட்டது. அடுத்த பருவத்தில் அவர் ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம், பிறகு மார்லீஸில் கால் எலும்பு, 2022 டிசெம்பரில் தோள். மூன்று வருடம் ஒரு ஓட்டம் பிடிக்க விடவில்லை. 2023-24 இல் மூன்றாம், நான்காம் வரிசை நிமிடங்களில் 14 கோல், அடுத்த பருவம் 15. 53ஆவதாக எடுத்த ஒருவருக்கு அது குறைவில்லை. ஆனால் எங்கட ஆக்கள் அவரை அந்த 55ஓடுதான் வைத்துப் பார்த்தார்கள்.

டிஃபென்ஸ்மன் என்றால் இன்னும் நேரம் கொடுங்கள். லேன் ஹட்சன் 2024-25 இல் முதல் முழுப் பருவத்திலேயே 60 அசிஸ்ட் எடுத்தது விதிவிலக்கு, அதை அளவுகோலாக வைக்காதீர்கள். கோல் காவலருக்கு அதற்கும் மேல். ஜோர்டன் பினிங்டன் சென்ற் லூயிஸில் நிலைத்து 2019 இல் லீக்கின் ஸ்ரான்லி கப்பை வென்றபோது அவருக்கு 25 வயது.

ஈஸ்ரன் கவன் 2023 இல் லீஃப்ஸால் 28ஆவதாக எடுக்கப்பட்டவர். ஜூனியர் அணியான லண்டன் நைற்ஸோடு 2025 இல் கனேடிய ஜூனியர் கிண்ணமான மெமோரியல் கப்பை வென்று அந்தத் தொடரின் சிறந்த வீரராகவும் வந்தார். அதே வருடம் ஒக்டோபரில் லீஃப்ஸுக்கு முதல் ஆட்டம். அவரோ, அவருக்குப் பின்னால் வரப்போகிற வேறு ஒருவரோ, அடுத்த தடவை மட்ச் போட்டால் மூன்றாவது பீரியட்டின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். லீஃப்ஸ் ஒரு கோலால் முன்னணியில் இருக்க வேண்டும். ஃபேஸ்-ஓஃப் எங்கட பக்கத்தில். பயிற்றுநர் வாங்கில் நடந்து வந்து தோளில் தட்டுகிற ஆட்களில் அந்தப் பெடியன் இருக்கிறானா என்று பாருங்கள்.