பி0401 வந்தாலே இஜிஆர் வால்வை மாற்ற வேண்டுமா?

வண்டியின் கம்ப்யூட்டர் பி0401 (P0401) என்ற கோளாறுக் கோடைக் காட்டினால், புகையில் ஒரு பகுதியை இஞ்சினுக்கே திருப்பி விடும் இஜிஆர் (EGR) வால்வு போய்விட்டது, புதுசுதான் போட வேண்டும் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்வதால் சொல்கிறேன், அது முழுக்கச் சரியில்லை அண்ணே. இஜிஆர் வழியாக இஞ்சினுக்குத் திரும்ப வேண்டிய புகை போதிய அளவு வரவில்லை என்பதுதான் அந்தக் கோடின் பொருள். வால்வும் காரணமாகலாம். ஆனால் கரி அடைத்த பாதையும், வாக்குவத்தில் (காற்று உறிஞ்சலில்) இயங்கும் வால்வு உள்ள வண்டியில் வெடித்த ஹோஸும் இதே கோடைத் தரும். நாகர்கோவிலுக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி, சூடாவதற்குள் நிற்கும் டீசல் வண்டியில் கரி சீக்கிரம் படியும்.

மின்சார வால்வு என்றால் யாரும் சோதிக்கலாம். வண்டியில் செருகிக் கோடு படிக்கும் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (அந்தந்த நொடியின் அளவுகள்), கம்ப்யூட்டர் இஜிஆருக்குக் கேட்ட திறப்பையும் உண்மையான திறப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வால்வு அசைகிறது, அடைப்பு பாதையில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒத்துப்போகாவிட்டால் இஞ்சின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வால்வை எடுங்கள். கரியில் ஒட்டியிருந்தால் கரி படிந்த பக்கத்தை மட்டும் கார்ப் கிளீனரில் (கரியைக் கரைக்கும் திரவம்) ஊறவைத்து, பிளாஸ்டிக் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் விட்டுவிடும். மோட்டார், கனெக்டர் பக்கம் கிளீனர் படவே கூடாது. திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கட் போடுங்கள்.

மேனிஃபோல்டில் (இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) வால்வு உட்காரும் துளையில் உள்ள கரியையும் சுரண்டுங்கள். இதை விட்டுவிட்டுப் புது வால்வு போட்ட வண்டியில்தான் அதே கோடு மறுபடி வருகிறது. சுத்தம் செய்தும் மோட்டார் கட்டளைக்கு அசையவில்லை என்றால், அப்போது மாற்றுங்கள்.