பாதியில் பறிபோகும் நாவல்

எங்கள் குடியிருப்பின் வாசகர் வட்டத்தில் எந்தச் சரித்திர நாவலை எடுத்துக்கொண்டாலும், பேச்சு சூடுபிடிப்பதற்குள் யாராவது ஒருவர் கைப்பேசியை எடுத்து, "இந்தப் பாத்திரம் நிஜமாகவே வாழ்ந்தவர்தானா?" என்று தேடத் தொடங்கிவிடுகிறார், அதற்குப் பிறகு நாவலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சென்ற கூட்டத்தில் டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' அந்தக் கதிக்கு ஆளானது. நெப்போலியனும் ரஷ்யத் தளபதி குதூசவும் வரலாற்று மனிதர்கள், கதையின் நாயகர்களில் ஒருவரான பியர் கற்பனை என்று தெரிந்ததுமே பியரை ஓரங்கட்டிவிட்டு, நெப்போலியன் ரஷ்யாவின் மீது நடத்திய 1812ஆம் ஆண்டுப் படையெடுப்பின் தேதிகளைப் பற்றிய வாக்குவாதத்திலேயே பொழுதைக் கழித்துவிட்டார்கள்.

எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அந்தப் படையெடுப்பின்போது போர் நடந்த போரோதினோ களத்தில் வெள்ளைத் தொப்பியும் பச்சைக் கோட்டுமாக, பீரங்கிகளுக்கு நடுவே செய்வதறியாமல் நிற்கும் அந்தப் பியரின் கண்கள் வழியாகத்தானே போர் நமக்குத் தெரிகிறது? முதலில் அவரைக் கண்டு முகம் சுளிக்கும் வீரர்கள் சற்று நேரத்தில் அவரைத் தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொள்ளும் இடத்தை எந்த ஆவணம் நமக்குத் தரும்? 1828இல் பிறந்த டால்ஸ்டாய், தாம் காணாத ஒரு போரை எழுதுவதற்காக நினைவுக்குறிப்புகளையெல்லாம் படித்ததோடு, 1867இல் அந்தக் களத்திற்கே நேரில் சென்று பார்த்தார். அவ்வளவு மெனக்கெட்டவர் ஒரு கற்பனை மனிதரை ஏன் களத்தின் நடுவில் நிறுத்தினார் என்பதல்லவா நாம் பேசியிருக்க வேண்டியது! தேதிகளை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். (நாவலை முழுதாகப் படிக்காதவர்கள்தாம் அதிகம் தேடுகிறார்கள்.) அடுத்த கூட்டத்தில் கைப்பேசிகளைப் பையிலேயே வைத்திருக்கும்படி வெளிப்படையாகவே கேட்கப்போகிறேன்.