ஹூடினி சுவரைத் துளைக்கவில்லை

'1914-இல் மாயவித்தைக்காரர் ஹூடினி செங்கல் சுவரை ஊடுருவினார். தரையில் கம்பளம் விரித்திருந்ததால் அடியில் வழியே இருந்திருக்காது' என்கிறீர்கள். தவறு. நியூயார்க் ஹாமர்ஸ்டைன் அரங்கில், கூட்டத்தின் கண்ணெதிரே கொத்தனார்கள் கட்டிய சுவர் அசல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். சூட்சுமம் அந்தக் கம்பளத்திலேயே இருந்தது. சுவருக்கு நேர்கீழே மேடைப் பலகையில் ஒரு பொறிக்கதவு. அதைத் திறந்ததும் கம்பளம் நடுவில் தூளியைப் போலத் தொய்யும். சுற்றிலும் அதன்மேல் நின்று காவல் காத்தவர்களுக்கு எதுவும் தெரியாது. சுவரின் இருபுறமும் வைத்த தட்டிகளின் மறைவில், கிடைத்த இடைவெளியில் ஊர்ந்து அவர் மறுபக்கம் எழுந்தார். எத்தனை துணிச்சலான வேலை! இதை முதலில் நிகழ்த்தியவரும் அவரல்லர்; அதே ஆண்டில், அவருக்கு முன்பே, லண்டனில் செல்பிட் என்ற மாயவித்தைக்காரர் செய்து காட்டிவிட்டார்.