சப்வூஃபர் கேபிளும் என் காதும்

ஞாயிற்றுக்கிழமை வளசரவாக்கத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த அறையில் இருந்தவர்களில் நாலு பேர் இங்கேயே இருக்கிறார்கள், மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. சுருக்கமாக: நண்பன் வீட்டில் சப்வூஃபருக்கு (அடிமட்டச் சத்தத்தை மட்டும் வாசிக்கிற ஸ்பீக்கர்) 42,000 ரூபாயில் புதுக் கேபிள் போட்டிருந்தார்கள், அதைக் கேட்கக் கூடியிருந்தோம். இரண்டு நாள் விட்டால் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சப்வூஃபருக்கு 42,000 ரூபாய் கேபிள் தேவையில்லை. அடர்த்தியான செம்புப் பின்னல் ஷீல்ட் (வெளி இரைச்சலைத் தடுக்கிற உறை) நடுக்கம்பியைச் சுற்றி உள்ள கோஆக்ஸ் வயர், இறுக்கமாகப் பிடிக்கிற ஆர்சிஏ பின் (ஆடியோ கேபிள் முனையில் இருக்கிற உருண்டைப் பின்), ஒழுங்கான சால்டரிங், தேவையான நீளம். இவ்வளவுதான். 5 மீட்டருக்கு 2,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். அங்கேயும் இதைத்தான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, யாரையும் கிண்டல் செய்யவில்லை. அதற்குக் கிடைத்த பதில், "அதெல்லாம் கேட்க ஒரு காது வேணும் சார்."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரன், என் இருபது வருட நண்பன், அவனும் சிரித்தான்.

சரி, காதை அப்புறம் பேசலாம். முதலில் கேபிள்.

சப்வூஃபர் என்ன செய்கிறது? ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 80 ஹெர்ட்ஸ் வரை, மிஞ்சினால் 120 ஹெர்ட்ஸ் வரை வாசிக்கிறது. மனிதக் காது கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதில் அடிமட்டத்தில் இருக்கிற சின்னத் துண்டு மட்டும்தான் இதன் வேலை. அதோடு, ஆம்ப்ளிஃபயர் சப்புக்கு உள்ளேயே இருக்கிறது. ஸ்பீக்கர் வயரில் போகிற மாதிரி ஆம்பியர் கணக்கில் கரண்ட் இந்தக் கேபிளில் போவதில்லை. ரிசீவரிலிருந்து (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற பெட்டி) போவது சின்ன சிக்னல், மில்லி ஆம்பியருக்கும் கீழே. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எந்த நல்ல வயருக்கும் சிரமமான காரியம் இல்லை.

கணக்காகவே பார்க்கலாம். சாதாரண கோஆக்ஸுக்கு கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கிற அளவு) மீட்டருக்கு 50 முதல் 100 பிகோஃபாரட். 5 மீட்டருக்கு 500 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவரின் அவுட்புட் இம்பிடன்ஸ் (சிக்னல் வெளியே வரும் இடத்தில் உள்ள தடை) 1,000 ஓம் என்று கொஞ்சம் மோசமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி வகுத்துப் பார்த்தால், 3 லட்சம் ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகுதான் அந்தக் கேபிள் சிக்னலை இறக்கத் தொடங்கும். நம் சப் நிற்பது 120-இல்.

அந்தக் கேபிளை விற்றவர் வெள்ளி முலாம் பற்றி நிறையப் பேசினாராம். மின்சாரம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும், வெள்ளி பூசினால் வேகமாக ஓடும் என்று. மேல்தோலில் ஓடுவது உண்மைதான், ஆனால் அதிர்வெண் ஏற ஏறத்தான் அப்படி. செம்பில் 80 ஹெர்ட்ஸுக்கு அந்தத் 'தோல்' ஏழு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். கேபிளுக்குள் இருக்கிற கம்பியே ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில்தான் இருக்கும். மொத்தக் கம்பியுமே தோல்தான் என்றால் முலாம் எதற்கு? சுத்த வெள்ளியே போட்டாலும் செம்பைவிட ஐந்தாறு சதவீதம்தான் நன்றாகக் கடத்தும். 5 மீட்டர் செம்பு வயரில் ஒரு அடியைக் குறைத்துக்கொண்டாலே அந்த லாபம் வந்துவிடும்.

இந்தக் கணக்கை எல்லாம் அங்கே சொல்லக்கூட இல்லை. கூடவே நான் சொன்னது ஹம் பற்றி, அதாவது ஸ்பீக்கரில் வருகிற உறுமல் பற்றி.

ஆன் செய்ததுமே உர்ர்ர் என்று கேட்டது, ஞாபகம் இருக்கும். கேபிள் புதுசு, 200 மணி நேரம் ஓடினால் 'செட்' ஆகிவிடும் என்றார்கள். நான் எழுந்து போய் செட்டாப் பாக்ஸின் பின்னால் இருந்த கேபிள் டிவி வயரைக் கழற்றினேன். உர்ர்ர் நின்றது. மாட்டினேன், வந்தது. கழற்றினேன், நின்றது. ஐந்து நிமிட வேலை.

காரணம் எளிது. சப்புக்கு மூணு பின் பிளக், வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. மொட்டைமாடி வழியாக வருகிற டிவி வயரின் ஷீல்ட் வேறெங்கோ எர்த்தாகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், அந்தக் கரண்ட் செட்டாப் பாக்ஸ், ரிசீவர், சப் கேபிளின் ஷீல்ட் என்று சுற்றி ஓடும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் என்பது சப்வூஃபர் வாசிக்கிற இடத்துக்கு நட்ட நடுவில் இருக்கிறது. அதனால்தான் முன் ஸ்பீக்கரில் அமுங்கிப் போகிற ஹம் சப்பில் மட்டும் அப்படி உறுமுகிறது. டிவி வயரில் ஒரு ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு அந்த எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கிற சின்னக் கருவி) போட்டால் தீர்ந்தது. தயவுசெய்து யாரும் எர்த் பின்னை உடைத்துவிட்டு ஹம் போய்விட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். ஹம் போகும், ஒருநாள் உயிரும் போகும்.

ஆக, 42,000 ரூபாய் கேபிளால் அந்த ஹம்மை நிறுத்த முடியவில்லை. அதைச் சொன்னதற்குத்தான் எனக்குக் காது இல்லை.

பழைய ஆட்களுக்குத் தெரியும், என் அப்பா சைதாப்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் மைக் செட். எட்டு வயதிலிருந்து நானும் வயர் சுற்றியிருக்கிறேன். ஒருமுறை ஒரு கோயிலில் இதே உர்ர்ர். பாட்டுக் கச்சேரி தொடங்க அரை மணி இருக்கிறது, விழாக் கமிட்டிக்காரர்கள் கத்துகிறார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் அடித்திருந்த எர்த் கம்பியின் அடியில் ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். மண் குடிக்கக் குடிக்க உறுமல் இறங்கியதை என் காதால் கேட்டேன். அந்த வயதில் அது மந்திரம் மாதிரி இருந்தது. காய்ந்த மண்ணில் எர்த் பிடிக்காது என்று இரவு வண்டியில் வரும்போதுதான் விளக்கினார்.

சால்டரிங் அவரிடம் கற்றதுதான். ஈயம் பளபளவென்று உட்கார வேண்டும், மங்கலாக உருண்டு நின்றால் உருக்கி எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொல்வார். கட்டியிருக்கிற நாலு குழாய் ஸ்பீக்கரில் எந்தக் குழாயின் டயஃப்ரம் (உள்ளே அதிர்கிற தகடு) உரசுகிறது என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவார், ஏணி போட்டு இறக்கிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். அவர் யாரிடமும் "உனக்குக் காது இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"கோயில் மைக் செட் வேற, ஹைஃபை வேற" என்பீர்கள். வேறுதான். 50 ஹெர்ட்ஸ் வேறில்லையே? எர்த் வேறில்லையே?

"வாங்க முடியாதவனுக்கு வயிற்றெரிச்சல்" என்று ஒருவர் எழுதியிருப்பதாகக் காட்டினார்கள். என்னிடம் இருக்கிற 12 அங்குல சப்புக்கு நான் இரண்டு வருடம் பணம் சேர்த்தேன். நல்ல பொருளுக்குக் காசு கொடுப்பதில் எனக்குத் தகராறே கிடையாது. 42,000 ரூபாயை அந்தக் கேபிளுக்குப் பதில் இன்னும் பெரிய சப்பில் போட்டிருந்தால், அல்லது இரண்டாவது சப் ஒன்று வாங்கியிருந்தால், அந்த அறை வேறு மாதிரி ஒலித்திருக்கும். என் ஆதங்கம் அதுதான்.

"எனக்கு வித்தியாசம் கேட்டதே" என்பவர்களை நான் பொய் சொல்கிறவர்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்டிருக்கும். பழைய பின்னைப் பிடுங்கிப் புதிதாகச் செருகும்போது கான்டாக்ட் துடைபடுகிறது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், உப்புக் காற்றில் ஒரு வருடத்தில் பின் எப்படிக் கறுத்துவிடும் என்று. தங்க முலாம் பூசிய பின் வாங்குங்கள் என்று நானே சொல்வேன், தங்கம் கறுக்காது, பெரிய விலையும் இல்லை. ஆனால் அந்த வித்தியாசம் கேபிளின் பெயரால் வந்ததா, துடைத்ததால் வந்ததா என்று எப்போதாவது பிரித்துப் பார்த்தீர்களா? ஒரே ஒருமுறை, எந்தக் கேபிள் என்று தெரியாமல் கேட்டுப் பார்த்தீர்களா?

ஷீல்ட் முக்கியம், அதை மறுக்கவில்லை. மேலே சொன்ன மாதிரி எர்த்துக்கு எர்த் சுற்றுகிற கரண்ட் ஓடுகிற இடத்தில் ஷீல்டின் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு குறைவோ அவ்வளவு ஹம் குறையும், அதனால் வெறும் ஃபாயில் சுற்றிய வயர் வேண்டாம், பின்னல் உள்ளது வாங்குங்கள். டிவி ஸ்டூடியோக்களுக்கான பெல்டன் 1694ஏ மாதிரி ஒரு கோஆக்ஸ் போதும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காலைப்பொழுது அலைந்தால் அந்த ரகத்தில் வயரும் கிடைக்கும், நல்ல பின்னும் கிடைக்கும், பற்றவைத்துக் கொடுக்க ஆளும் கிடைப்பார்கள். 15 மீட்டர், 20 மீட்டர் போக வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் வசதி இருந்தால், பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் (இரைச்சலை ரத்து செய்ய இரண்டு கம்பியில் சிக்னல் அனுப்புகிற மூணு பின் கேபிள்) போடுங்கள். மற்றபடி ஒன்றும் இல்லை.

"அவன் காசு, அவன் செலவு, உனக்கென்ன?" இதற்கு மட்டும் எனக்கு நல்ல பதில் இல்லை. அவன் காசுதான். ஆனால் அந்த அறையைக் கட்டும்போது அவன் முதலில் கூப்பிட்டது என்னை. சுவரில் கன்ட்யூட் (வயர் போகிற குழாய்) எங்கே போக வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டவன் நான். கேபிள் வாங்கும்போது மட்டும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

காது என்பது காசோடு சேர்த்து வருகிற பொருளா? டிசம்பரில் சபா சபாவாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து மிருதங்கத்தின் தொப்பிச் சத்தத்தை (இடது பக்கத்துக் கனத்த சத்தம்) மட்டும் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் இந்த ஊரில். தொப்பியில் ரவை அப்பியது காய்ந்துவிட்டதா என்பதைக் கும்கியிலேயே (தொப்பியில் கையை அழுத்தி எழுப்புகிற இழையும் சத்தம்) சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் என்ன கேபிள் இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? மைக் செட்காரன் மகனுக்குக் காது இல்லை என்று சொல்வது, எனக்கு, என்னைப் பற்றிச் சொன்னதாக மட்டும் கேட்கவில்லை.

சவால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அழைப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணி, என் வீடு. அந்தக் கேபிளைக் கொண்டுவாருங்கள். நான் பற்றவைத்ததும் இருக்கும். ரேக்கின் மேல் போர்வை போட்டு மூடிவிடலாம். யாராவது ஒருவர் மாற்றி மாற்றி மாட்டட்டும், இருபது தடவை. எது எது என்று என் காதும் சொல்ல வேண்டாம், உங்கள் காது சொன்னால் போதும். சொல்லிவிட்டால் இந்தப் பதிவுக்குக் கீழேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

டேய், நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். சப் இன்னும் அந்தப் பின்மூலையில்தானே இருக்கிறது? உன் அறை 14 அடி நீளம், 40 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் எழும்பி நிற்கும், மூலையில் வைத்தால் இன்னும் ஊதும். முதல் பாட்டிலேயே அது தெரிந்தது, அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. சப்பைத் தூக்கி நீ உட்காருகிற சோஃபாவில் வை. ஒரே பேஸ் வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய் எந்த இடத்தில் சீராகக் கேட்கிறது என்று பார். அங்கே கொண்டுபோய் வை. 5 மீட்டர் தாராளமாக எட்டும். தூக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடு, வருகிறேன்.